கட்டணமில்லா ஜன்னலோரம்

ஐப்பசி மழை விட்ட கையோடு எங்கள் மாடுகள் இரண்டையும் விற்றோம். என் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. கறக்க உட்கார்ந்தால் பாதிச் செம்பு நிறைவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். இனி காம்பில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் மகள் போனிலேயே எல்லாவற்றையும் முடித்தாள். அப்பாவைச் சம்மதிக்க வைத்தது, ஆள் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் அவள்தான். உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டி, இரண்டையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். மாட்டைக் கொடுக்கிறவர்கள் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம். பழைய கயிறுகள் கொட்டகை ஆணியிலேயே தொங்கின.

மாடு போனது, நாலு மணி விழிப்பு போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நேரத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. எழுந்து போய்க் கொட்டகை விளக்கைப் போடுவேன். காலித் தரை தெரியும். அணைத்துவிட்டு வந்து படுப்பேன். தூக்கமும் வராது, விழிப்பும் முழுசாக இருக்காது. கள்ளக்குறிச்சியில் குளிரா என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். கார்த்திகை பிறந்தால் மலைப் பக்கத்திலிருந்து ஒரு காற்று இறங்கி, ஓட்டு இடுக்கு வழியாக நுழைந்து, போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். மாடு இருந்தவரை அந்தக் குளிர் எனக்குத் தெரிந்ததே இல்லை. மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறக்கிறவளுக்கு என்ன குளிர்.

ஒரு ஹாபி வைத்துக்கொள் என்றாள் மகள். ஹாபி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. பத்தாம் வகுப்பில் ஹாபி என்று கேட்ட இடத்தில் ‘தபால்தலை சேகரித்தல்’ என்று எழுதியவள்தான் நானும். வகுப்பே அதைத்தான் எழுதியது. ஒருத்தியிடமும் ஒரு தபால்தலைகூடக் கிடையாது. மகள் விடவில்லை. கம்பளி நூலும் கொக்கி ஊசியும் அனுப்பினாள், கூடவே போனில் வீடியோ. மணிக்கட்டு வலியோடு மூன்று நாள் போராடி ஒன்றைப் பின்னினேன். வீட்டுக்காரர் அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது இன்னா, கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடையா?” என்றார். சொன்ன பிறகுதான் கொட்டகையில் கன்றுக்குட்டி இல்லை என்பது அவருக்கே உறைத்தது. அதை என் கையிலேயே வைத்துவிட்டுக் கழனிப் பக்கம் போய்விட்டார்.

அடுத்து காளான் வளர்க்கிற பைகள் வந்தன. கொட்டகை இருட்டில் தொங்கவிட்டுக் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். மாடு படுத்திருந்த இடத்தில் வெள்ளைக் குடை விரிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. பைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மகளிடம் சொன்னேன், காசும் ஆகக் கூடாது, கையும் வலிக்கக் கூடாது, அப்படி ஒரு ஹாபி இருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் என்னை விடு என்று. அப்படி ஒன்று எங்கேயும் இல்லையம்மா என்றாள் அவள். இருந்தது. அதை நான் தூங்கித்தான் கண்டுபிடித்தேன்.

கார்த்திகையில் கச்சிராயபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். விடியற்காலை முகூர்த்தம். வீட்டுக்காரருக்குக் கரும்பு வெட்ட ஆள் வருகிற நாள் என்பதால் நான் மட்டும் கிளம்பினேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற முதல் பஸ். மலைக்குப் போகிற பஸ்ஸிலும் பெண்களுக்குக் காசு கிடையாது என்று ஆகியிருந்தது. கண்டக்டர் மிஷினில் பூஜ்யம் அடித்த சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். இடது பக்கம், முன்னாலிருந்து மூன்றாவது ஜன்னலோரம். மடியில் வண்ணக் காகிதம் சுற்றிய ஹாட்பாக்ஸ். டிரைவருக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் சாமந்திச் சரமும் ஆடிக்கொண்டிருந்தன. ஊரைத் தாண்டி இருட்டுக்குள் போனதும் இன்ஜின் சத்தம் ஒரே சீராக ஆயிற்று. பக்கத்தில் ஒரு பெரிய உயிர் அசைபோட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது எனக்கு. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெளியே ஒன்றும் இல்லை. மரம் இல்லை, ரோடு இல்லை, ஊர் இல்லை. வெள்ளையாக ஏதோ ஜன்னலை உரசிக்கொண்டு போயிற்று. உதட்டில் ஈரம். முதலில் செத்துப்போய்விட்டேனோ என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு கோழி கொக்கரித்தது. செத்த பிறகு கோழியோடு பஸ்ஸில் போகவேண்டி வராது என்று தேறினேன்.

கண்டக்டர் வந்தார். “கச்சிராயபாளையம்னுதான சீட்டு வாங்குனீங்க? எங்க போய்க்கினு இருக்கீங்க?”

தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஊர் தாண்டித் தூங்கினேன் என்றால் பஸ்ஸே சிரிக்கும். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “மேலதான்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்னொரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். இரண்டையும் ஒன்றாக மடித்து மகள் வாங்கித் தந்த பழுப்பு நிறக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். குப்பையைக் கண்ட இடத்தில் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வெள்ளிமலையில் இறங்கி ஹாட்பாக்ஸோடு ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மலையில் எனக்கு யாரும் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. பனி கொஞ்சம் விலகி ஒரு கூரை தெரியும், ஒரு ஆடு தெரியும், திரும்ப மூடிக்கொள்ளும். எங்கேயோ சாமை வைக்கோல் புகைகிற வாசம். அரை மணி நேரம் அப்படி இருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் கொட்டகை எனக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். கிரகப்பிரவேச வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் நாலு மணிக்கு விழிப்பு வந்தது. கொட்டகைக்குப் போகவில்லை. பல் துலக்கி, தலையைச் சுற்றி மப்ளர் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் ஐந்து நாளாவது போவேன். எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன், வந்துதான் இட்லி ஊற்றுவேன். வீட்டுக்காரர் முதலில் கோவிலுக்கு நேர்ந்துகொண்டேனோ என்று பார்த்தார். இல்லை, சும்மாதான் போகிறேன் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார், “காசு குடுத்து ஊர் சுத்துறவங்கள பாத்திருக்கேன். காசு குடுக்காம மலைய சுத்திக்கினு வர்ற மகராசிய இப்பதான் பாக்குறேன்.” ஆனால் நான் கிளம்புகிற நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைக்கத் தொடங்கினார். மனுஷனைக் குறை சொல்லக் கூடாது.

அந்தப் பயணத்தில் நான் எதையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பாதித் தூக்கத்தில் பார்த்ததைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது. கச்சிராயபாளையம் தாண்டும்போது கரும்பு டிராக்டர்களின் சிவப்பு விளக்குகள் இருட்டில் வரிசையாக நிற்கும். கோமுகி அணைப் பக்கம் தண்ணீர் இருப்பது வாசத்தில் தெரியும். அடிவாரத்தில் முனியப்பன் கோவில் முன்னால் பஸ் நிற்கும். டிரைவர் இறங்கி, கற்பூரம் ஏற்றி, முன்கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டுத்தான் மலை ஏறுவார். அந்தக் கற்பூர வாசம் பஸ்ஸுக்குள் வரும்போது எனக்குக் கண் சொருகும். அதன் பிறகு வளைவுகள். உடம்பு ஒரு பக்கம் சாயும், பிறகு மறு பக்கம் சாயும். அரைக் கண்ணில் பனிக்குள் உருவங்கள் போகும். சில நாள் என் மாடுகள் இரண்டும் பஸ்ஸோடு கூடவே நடந்து வரும். கழுத்து மணி கேட்கும். கண் திறந்தால் ரோட்டோரம் ஆடுகள் போகும். ஏமாந்தோம் என்று தோன்றாது. ஆடு போனால் என்ன, மாடு போனால் என்ன, கூட வந்ததல்லவா.

கார்த்திகை முடிவதற்குள் கண்டக்டரிடம் ஒரு மாற்றம். ‘யக்கா’ போய் ‘மேடம்’ ஆயிற்று. என் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பி விடுவார். மூட்டைக்கு லக்கேஜ் சீட்டு கேட்டு வாங்காதவர்களுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெள்ளிமலையில் நான் டீக்குக் காசு கொடுக்கப் போனால் முந்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கமான பையன் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

டீக்கடை வைத்திருந்த பெண்தான் ஒரு நாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள், செக்கிங் வேலையில் பெண்களையும் எடுக்கிறார்களா என்று. எந்தச் செக்கிங் என்றேன். அவள் கண்ணைச் சிமிட்டினாள். நான் ஒரு ஊருக்குச் சீட்டு வாங்கி வேறு ஊருக்குப் போகிறேன், எங்கேயும் இறங்குவதில்லை, யாரையும் பார்ப்பதில்லை, சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைக்கிறேன், நிற்கிற இடத்திலெல்லாம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து எட்டிப் பார்க்கிறேன். மாறுவேடத்தில் வருகிற டிக்கெட் பரிசோதகர் வேறு எப்படி இருப்பார் என்று கண்டக்டரும் டிரைவரும் பேசி முடிவுகட்டிவிட்டார்களாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஜன்னலோரம் பறிபோகுமோ என்று பயம்.

அதே நாட்களில்தான் பலாமரம் என் கண்ணில் பட்டது. மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்த உடனே, இடது பக்கம், ஒரு பெரிய பலாமரம். அதன் கீழே சிமெண்டுப் பலகையில் ஊர்ப் பெயர் அழிந்திருக்கும். முன்பெல்லாம் பஸ் அங்கே நிற்காமல் உறுமிக்கொண்டு ஏறிவிடும். இப்போது தினமும் நின்றது. நின்றால் ஒரு இளம்பெண் ஏறுவாள். முப்பது வயதுகூட இருக்காது, ஈரத் தலையைத் துண்டில் முடிந்திருப்பாள். என் பக்கத்துச் சீட் காலியாக இருக்கும், ‘மேடம்’ பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் அல்லவா. அவள் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மூன்று நாளில் பேச ஆரம்பித்தாள். மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை. உப்புமா, பொங்கல், கிச்சடி. பெல் அடிக்கும் முன்னால் தட்டில் இருக்க வேண்டும். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போனவன், பணம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவளுடைய இரண்டு பெண்களும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். முந்தின நாளே அங்கே பாட்டி முறையுள்ள ஒருத்தி வீட்டில் தங்கிக்கொள்வார்கள். ஏன் அப்படி என்று கேட்டேன். பஸ் நிற்காதே, குழந்தைகளை இருட்டில் நடத்திக்கொண்டு போக முடியுமா என்றாள். ஆண்கள் நின்றால் நிற்குமாம், பெண்கள் மட்டும் நின்றால் அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி இழுக்காதாம். ஆண்களைக் கண்டால் அதே வண்டி எப்படி இழுக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“நீங்க வர ஆரம்பிச்ச அப்புறந்தாம்மா நிக்குது” என்றாள் அவள். “நீங்கதான் சொன்னீங்களா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள் வாழையிலையில் சுற்றிய மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள், சூடாக, உப்பும் மிளகாயும் போட்டு வேகவைத்தது. இலையைப் பிரித்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். இரண்டு பேரும் தின்றுகொண்டே பனிக்குள் ஏறினோம். பள்ளிக்கூடம் வந்ததும் அவள் இறங்கிப் போவாள், துண்டு மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைக்குள் தெரியும்.

மார்கழி பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் கஞ்சி வைத்துக் கொடுத்து, மலைக்காற்று இலவசமாகக் கிடைத்தால் இப்படித்தான் என்று முணுமுணுத்தார். காய்ச்சல் விட்ட முதல் நாள், அவர் தடுக்கத் தடுக்க, மப்ளரை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பலாமரத்தடியில் அவள் இல்லை. பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பனிக்குள் ஒரு உருவம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக ஓடாத குறையாக நடந்தது. நான் சீட்டை விட்டு எழுந்தே விட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், விசில் ஊதினார். அவள் ஏறி வந்து பக்கத்தில் விழுந்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள்.

“நீங்க வராத நாள்ல ஒரு நாள்கூட நிக்கலம்மா” என்றாள். “ரெண்டு நாள் சாப்பாடு லேட்டாயிடுச்சி. இன்னொரு வாட்டி இப்படி ஆனா வேற ஆள போட்டுக்குவாங்களாம். பள்ளிக்கூடத்து பக்கத்துலயே ஆளு இருக்குது.”

அன்றோடு என் தூக்கம் போயிற்று. கற்பூர வாசம் வந்தால் கண் சொருகுவதற்குப் பதிலாக விழித்துக்கொண்டது. அடிவாரத்திலிருந்து பலாமரம் வரை கழுத்தை நீட்டிக்கொண்டு, பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பரிசோதகர் மாதிரியே உட்கார்ந்திருந்தேன். உடம்பு முடியாத நாளிலும் போனேன். ஒரு நாள் அலுப்பில் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். மாட்டை விற்று ஒழித்தும் நாலு மணிக் கடமை என்னை விடவில்லை, பொழுது போகட்டும் என்று பஸ் ஏறினால் அங்கேயும் ஒரு உயிர் என்னை நம்பிக் காத்துக்கொண்டு நிற்கிறது என்றேன். கோபம் அவள்மேல் இல்லை. பஸ்மேலும் இல்லை. பனிக்குள் கூட வந்த மாடுகள் இப்போது வருவதில்லை, அதுதான்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். கோமுகி அணை கூட்டு ரோட்டில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் தோள்பையைத் திறந்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார். அசல் செக்கிங். கண்டக்டர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்பதுபோல. அந்த அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். சீட்டைக் கேட்டார். பையைத் திறந்தேன். அவசரத்தில் அன்றைய சீட்டு எது என்று தெரியவில்லை, அத்தனை நாள் பூஜ்யச் சீட்டுகளும் மடியில் கொட்டின. அவர் குனிந்து, பொறுமையாகத் தேடி, அன்றைக்கு உரியதை எடுத்துப் பார்த்தார். வெள்ளிமலையில் எந்த வீடு என்றார். வீடு எதுவும் இல்லை, சும்மாதான் போய் வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அடிவாரத்துக்கு முன்னாலேயே இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

முனியப்பன் கோவிலில் பஸ் நின்றது. கண்டக்டர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“அப்ப நீங்க செக்கிங் இல்லீங்களா?”

“இல்லப்பா.”

“பின்ன இன்னாத்துக்குங்க தெனம் ஏறி எறங்குறீங்க?”

டிரைவர் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதைவிட, இரண்டு வளைவுக்கு மேலே பலாமரத்தடியில் நிற்கிறவள் நினைப்பு. இனிமேல் இந்த பஸ் அங்கே எதற்கு நிற்கப்போகிறது. வெட்கப்பட நேரம் இல்லை.

“வூட்ல மாடு வித்துட்டோம்பா. காலைல எழுந்தா இன்னா பண்றதுன்னு தெரியல. அதான் வந்துக்கினு இருந்தேன்” என்றேன். “என்னை எங்க வேணா உக்கார வைங்க. நான் வந்தாலும் வராட்டியும் பலாமரத்துல நிறுத்துங்க. அந்தப் பொண்ணு வேலை போயிடும்.”

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் குங்குமக் கையை வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். அத்தனை நாளில் அவர் முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருந்தேன். நரைத்த மீசை, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து ஆள் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள்.

“எத்தினி மாடுங்க?” என்றார்.

“ரெண்டு. ஒண்ணு கறவை. ஒண்ணு சினை.”

“சினை மாட்டையா குடுத்தீங்க? எத்தினி மாசம்?”

“குடுக்கும்போது ஏழு.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். “அப்ப தை நடுவுல கன்னு போட்டுடும்” என்றார்.

மாடு விற்ற நாளிலிருந்து என்னிடம் ஹாபி கேட்டவர்கள் உண்டு, மணிக்கட்டைக் கேட்டவர்கள் உண்டு. அந்த மாட்டுக்கு எப்போது நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும்தான் தினமும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பஸ் நிறையப் பேர் பார்க்க, அழுது தீர்த்தேன். டிரைவர் போய் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

கொண்டை ஊசி வளைவில் பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது. பலாமரம் வந்தது, அவள் கையை நீட்டினாள். பஸ் அவளைத் தாண்டிப் போயிற்று. நான் கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தேன். கொஞ்சம் மேலே ரோடு சமமாக இருக்கும் இடத்தில் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தி, நீளமாக ஹாரன் அடித்தார். அவள் ஓடி வந்து ஏறினாள். அவர் திரும்பாமலே அவளிடம் சொன்னார், “நாளைலேர்ந்து இங்க வந்து நில்லும்மா. கீழ நின்னா வண்டி இழுக்கறதில்ல.”

அது அன்றைக்கு. நான் உள்ளே இருந்தேன், அழுதும் தொலைத்திருந்தேன். நாளைக்கு நான் இல்லாவிட்டால் என்ன என்பது எனக்கு நிச்சயமில்லை. பொங்கலுக்கு வந்த மகள், மணிக்கட்டைச் சென்னையில் காட்ட வேண்டும் என்று கையோடு கூட்டிப்போய்விட்டாள். அங்கே நாலாவது மாடியில் நாலு மணிக்கு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே தெருவிளக்குகள், குளிர் என்பதே கிடையாது. இந்நேரம் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள், இந்நேரம் வளைவு. அவளுடைய போன் நம்பர் வாங்கி வைக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தை நடுவும் வந்து போயிற்று. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு கொட்டகையில் கன்று எழுந்து நின்றிருக்கும்.

தை கடைசியில் ஊர் திரும்பினேன். மறுநாளே முதல் பஸ். கண்டக்டர், “வாங்கக்கா” என்றார். மேடம் போய்விட்டது, என் ஜன்னலோரத்திலும் யாரோ ஒருவர் முட்டைக்கோஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வரிசை ஜன்னலில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் நின்றதா என்று கண்டக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் நிற்கிறாளா, இல்லை வேறு ஆளைப் போட்டுவிட்டார்களா, பலாமரம் வந்தால் தெரிந்துவிடும். கரும்பு டிராக்டர்களைப் பார்த்தேன். அணைத் தண்ணீர் வாசம் வந்தது. கற்பூர வாசமும் வந்தது. டிரைவர் ஏறி உட்காரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, கன்று போட்டிருக்கும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வண்டி முதல் வளைவில் என்னை ஒரு பக்கம் சாய்த்தது.

மாடு வந்தது. கூடவே ஒரு கன்று, கால்கள் இன்னும் நிலைகொள்ளாமல், பஸ் ஓரமாகவே பனியை முட்டிக்கொண்டு வந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அது என் மணிக்கட்டை நக்கியது. நாக்கு சூடாக இருந்தது.

கண் விழித்தேன். மணிக்கட்டின்மேல் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது, ஆவி பறக்க. பக்கத்தில் அவள், ஈரத் தலையைத் துண்டில் முடிந்துகொண்டு. அவளை ஒட்டி இரண்டு சின்னப் பெண்கள் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள்.

“நல்லா தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலம்மா” என்றாள்.

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பலாமரம் எப்போதோ போயிருந்தது.